பூனை முதுகில் வெண்ணெய் பிரெட்: விழும்போது எது ஜெயிக்கும்?

கேள்வி இதுதான்: "வெண்ணெய் தடவிய பிரெட் கைதவறினால் வெண்ணெய்ப் பக்கம்தான் தரையில் படும். பூனை எப்படி விழுந்தாலும் நாலு காலில்தான் வந்து நிற்கும். அப்படியானால் பூனையின் முதுகில், வெண்ணெய் மேலே தெரிகிற மாதிரி பிரெட்டைக் கட்டிக் கீழே விட்டால் என்ன ஆகும்? இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அந்தரத்திலேயே சுற்றுமா? அதில் டைனமோ மாட்டிக் கரண்ட் எடுக்கலாமா?"

பூனைதான் ஜெயிக்கும், கரண்ட் வராது. பள்ளியில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் சுழல் இயக்கப் பாடத்தை இந்த ஜோக்கோடுதான் தொடங்குவேன். வகுப்பு சிரித்து முடித்ததும், "சரி, காற்றில் தொங்கும் பூனைக்கு உதைத்துத் திரும்ப எதுவுமே இல்லையே, அப்புறம் எப்படித் திரும்புகிறது?" என்று கேட்பேன். அங்கே வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் 19ஆம் நூற்றாண்டின் பெரிய பெரிய மூளைகளும் இதே இடத்தில்தான் திகைத்து நின்றன.

முதலில் பிரெட்டை முடித்துவிடுவோம், அது சுலபம். ராபர்ட் மேத்யூஸ் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1995இல் ஐரோப்பிய இயற்பியல் இதழ் ஒன்றில் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு 1996இல் அவருக்குக் கிடைத்தது. குற்றம் வெண்ணெய் மேல் இல்லை. மேசை விளிம்பிலிருந்து நழுவும் துண்டு, பாதி வெளியே வந்ததும் விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து மெதுவாகச் சுழல ஆரம்பிக்கிறது. மேசை சுமார் 75 செ.மீ. உயரம். அங்கிருந்து தரைக்கு வர கிட்டத்தட்ட 0.4 வினாடி. அந்த நேரத்தில் அது அரைச் சுற்றுதான் சுற்ற முடிகிறது. மேலே இருந்த பக்கம் கீழே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். முழுச் சுற்று சுற்ற இரண்டு மடங்கு நேரம் வேண்டும், அதற்கு நாலு மடங்கு உயரம் வேண்டும். அதாவது 3 மீட்டர் உயரத்தில் ஒரு சாப்பாட்டு மேசை! 2001இல் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து 9,821 முறை பிரெட்டைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். 6,101 முறை வெண்ணெய்ப் பக்கம் தரையில் பட்டது. நூற்றுக்கு 62. ஆகவே பிரெட்டின் விதி மேசை உயரத்துக்கான விதி, அதுவும் நூற்றுக்கு நூறு கிடையாது.

பூனையின் கதை வேறு. பிரெட்டுக்கு விளிம்பு ஒரு சுழற்சியைக் கொடுத்து அனுப்புகிறது. பூனைக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் மிளகு என்று ஒரு கறுப்புப் பூனை இருக்கிறது. சோபா முதுகின் மேல் நீட்டிப் படுத்து, கனவில் பாதங்களை உதறிக்கொண்டு தூங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பாத உதறலை ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக்கொண்டிருந்தேன், வினாடிக்கு 240 படம். கனவில் எலி தப்பித்ததோ என்னவோ, மிளகு மல்லாக்கப் புரண்டு அப்படியே பின்பக்கம் சரிந்தது. சோபா முதுகு 80 செ.மீ. உயரம், விழ 0.4 வினாடி. நேரில் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது இரண்டே காட்சிகள்: மேலே மல்லாந்த பூனை, கீழே உட்கார்ந்து தோளை நக்கிக்கொண்டிருக்கும் பூனை.

அன்று ராத்திரி அந்த வீடியோவை ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். முதலில் தலை மட்டும் திரும்புகிறது, காதுகள் பின்னால் ஒட்டியிருக்கின்றன. பிறகு முன்னங்கால்கள் இரண்டும் கும்பிடுகிற மாதிரி மார்போடு சேர்கின்றன, மார்பு தரையைப் பார்த்துத் திரும்புகிறது. அந்த நேரத்தில் பின்னங்கால்கள் இன்னும் மின்விசிறியைப் பார்த்து நீட்டியபடியே இருக்கின்றன! முன்பாதி ஒரு பூனை, பின்பாதி வேறொரு பூனை என்று ஒட்டவைத்த மாதிரி இடுப்பில் ஒரு முறுக்கு. அடுத்து முன்னங்கால்கள் தரையை நோக்கி நீள, பின்னங்கால்கள் மடங்க, இடுப்பும் திரும்பி வருகிறது. கடைசியில் முதுகு வில்லாக வளைந்து நாலு காலும் ஊன்றத் தயாராக இருக்கின்றன. அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மிளகு புரண்டு விழுந்ததால் அதற்கே கொஞ்சம் சுழற்சி இருந்திருக்கும். அதனால் என் வீடியோவை சாட்சியாக வைக்க முடியாது. சரியான சாட்சி பாரிஸில் இருக்கிறது.

எத்தியென்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், அசைவுகளை வரிசையாகப் படமெடுக்கும் கேமராவில் கைதேர்ந்தவர். 1894இல் ஒரு பூனையின் நாலு பாதங்களையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, துளியும் சுழற்றாமல் அப்படியே விட்டார். வினாடிக்கு 60 படம். அந்த வருடம் அக்டோபரில் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் படங்களைக் காட்டியபோது பெரிய விவாதமே நடந்தது. பூனை விழும் முன் பிடித்திருந்த கையை உதைத்துச் சுழற்சியைத் திருடிக்கொண்டது என்பதுதான் அதுவரை எல்லாரும் நம்பிவந்த விளக்கம். மாரேயின் முதல் சில படங்களில் பூனை சுழலவே இல்லை. கை விட்டு நன்றாகக் கீழே வந்த பிறகுதான் திரும்புகிறது. உதைக்க அங்கே காற்றைத் தவிர எதுவுமில்லை. இந்தப் படங்களை வெளியிட்ட 'நேச்சர்' இதழ், முதல் வரிசையின் முடிவில் பூனை முகத்தில் தெரிகிற கௌரவம் புண்பட்ட பாவனையைப் பார்த்தால் அதற்கு அறிவியல் ஆராய்ச்சியில் அக்கறை இல்லை என்று தெரிகிறது என்கிற மாதிரி எழுதியது. பூனை வளர்க்கிற யாருக்கும் அந்த முகம் தெரியும்.

மாரேக்கு முன்பே மின்காந்தவியலின் தந்தை ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல்லும் இதில் இறங்கியிருக்கிறார். 1870இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தான் படித்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் தன்னைப் பற்றி ஒரு வதந்தி உலவுவதைச் சொல்கிறார். பூனையைக் காலில் விழாதபடி எறிய அவர் வழி கண்டுபிடித்தாராம், பூனைகளை ஜன்னல் வழியே வீசினாராம். அவர் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று: பூனை எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பதுதான் ஆராய்ச்சி, சரியான முறை அதை மேசை மேலோ கட்டில் மேலோ இரண்டு அங்குல உயரத்திலிருந்து விடுவது, அப்போதும் காலில்தான் விழுகிறது! இரண்டு அங்குலம் விழ எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.1 வினாடிதான் வரும்.

இவர்களுக்கெல்லாம் என்ன குழப்பம்? பள்ளிப் பாடத்தில் கோண உந்தம் மாறா விதி என்று படிப்போம். வெளியிலிருந்து யாரும் முறுக்காதவரை ஒரு பொருளின் மொத்தச் சுழற்சி மாறாது. தொடக்கத்தில் சுழற்சி பூஜ்யம் என்றால் கடைசி வரை பூஜ்யம். அப்படியானால் மல்லாந்து விழுகிற பூனை மல்லாந்தேதான் தரைக்கு வர வேண்டும். செங்கல் அப்படித்தான் வரும். பூனை வரவில்லையே, விதி தப்பா?

விதி சரி. பூனையைச் செங்கல் மாதிரி நினைத்ததுதான் தப்பு. "மொத்தச் சுழற்சி பூஜ்யம்" என்றால் "திரும்பவே முடியாது" என்று அர்த்தமில்லை. வடிவத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய உடம்பு, எந்த நொடியிலும் மொத்தச் சுழற்சியைப் பூஜ்யமாகவே வைத்துக்கொண்டு முழுசாகத் திரும்பிவிடலாம்.

எப்படி என்று ஒரு எளிய கணக்கில் காட்டுகிறேன். கையைக் காலை நீட்டினால் உடம்பைச் சுழற்றுவது கடினம், ஒடுக்கினால் சுலபம். இதைத்தான் பாடப்புத்தகம் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. பூனை முன்னங்கால்களை ஒடுக்கிப் பின்னங்கால்களை நீட்டும்போது, பின்பாதியைச் சுழற்றுவது முன்பாதியைவிட 5 மடங்கு கடினம் என்று வைத்துக்கொள்வோம். 5 என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். இப்போது இடுப்பை முறுக்கினால் முன்பாதி 150 டிகிரி இந்தப் பக்கம் போகும், பின்பாதி 30 டிகிரி மட்டும் அந்தப் பக்கம் போகும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்வதால் மொத்தம் பூஜ்யம். அடுத்து கால்களை மாற்றிவிடு: முன்னங்கால் நீட்டு, பின்னங்கால் ஒடுக்கு. இப்போது முறுக்கைப் பிரித்தால் பின்பாதி 150 டிகிரி இந்தப் பக்கம் வரும், முன்பாதி 30 டிகிரி பின்வாங்கும். கூட்டிக் கழித்தால் முன்பாதி 120, பின்பாதியும் 120. ஒரே பக்கம்! இன்னும் ஒரு சின்ன முறுக்குப் போட்டால் மீதி 60 டிகிரியும் தீர்ந்தது, பூனை நேராகிவிட்டது.

நிஜப் பூனை இதைவிடக் கெட்டி. அது முறுக்குவதோடு நிற்பதில்லை, இடுப்பில் மடங்கவும் செய்கிறது. மடங்கிய நிலையில் முன்பாதியும் பின்பாதியும் தத்தம் அச்சில் ஒரே பக்கமாக உருளும், மடங்கிய உடம்பு மொத்தமாக எதிர்ப்பக்கம் கொஞ்சம் சுற்றி அதை ஈடுகட்டும். 1935இல் ராடமாக்கர், டெர் பிராக் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் இந்த மடக்கைக் கவனித்துச் சொன்னார்கள். 1969இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் கேனும் ஷெரும் பூனையை இரண்டு உருளைகளாக வைத்துச் சமன்பாடு எழுதி, கணினி வரைந்த உருவத்தை நிஜப் பூனையின் புகைப்படங்கள் மேல் வைத்துப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்தியது. விண்வெளியில் மிதக்கும் வீரர், பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் எப்படித் திரும்புவது என்பது அன்றைய அவசரக் கேள்வி. அதனால் கேனின் ஆராய்ச்சிக்கு நாசா உதவியது. விண்வெளி உடை மாட்டிய ஒருவரை டிராம்போலினில் குதிக்கவைத்து, பூனை வித்தையைச் செய்யச் சொல்லியும் பார்த்தார்கள்.

இது உங்களுக்கு நம்பும்படி இல்லையென்றால் ஆபீஸ் சுழல் நாற்காலியில் உட்காருங்கள். நன்றாக, தடங்கல் இல்லாமல் சுற்றுகிற நாற்காலியாக இருக்கட்டும். கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கைகளை முன்னால் நீட்டி, வலப்பக்கம் வீசுங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். இப்போது பாட்டில்களை மார்போடு அணைத்து, அணைத்தபடியே கைகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நாற்காலி வலப்பக்கம் திரும்பும், ஆனால் கொஞ்சம்தான். மறுபடி நீட்டுங்கள், வீசுங்கள், அணையுங்கள். நாலைந்து முறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். எதையும் உதைக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. என் வகுப்பில் இதைச் செய்துகாட்டினால் அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது, எல்லாருக்கும் நாற்காலியில் உட்கார ஒரு வாய்ப்பு வேண்டும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழியில் சொல்கிறேன். காருக்குப் பக்கவாட்டில் நகரத் தெரியாது. ஆனாலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே செருக முடிகிறதே? ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்னால் வருகிறோம், எதிர்ப்பக்கம் ஒடித்து இன்னும் கொஞ்சம் பின்னால், அப்புறம் நேராக்கி முன்னால். எந்த நொடியிலும் சக்கரம் பக்கவாட்டில் போகவில்லை, எல்லாம் முடிந்தபோது கார் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. கணிதக்காரர்கள் இந்த இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். ரிச்சர்ட் மான்ட்கோமரி என்ற கணிதவியலாளர் 1990களில் விழும் பூனைக் கணக்கை, அணுத்துகள்களின் விசைகளை விவரிக்கும் அதே கணித மொழியிலேயே எழுதிக் காட்டினார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சமையல்கட்டுப் பரணிலிருந்து சறுக்குகிற பூனையும் பிரபஞ்சத்தின் அடிப்படை விசைகளும் ஒரே இலக்கணத்தில் பேசுகின்றன.

வால்தான் சுக்கான் மாதிரி உதவுகிறது என்று பலரும் சொல்வார்கள். வால் உதவலாம், ஆனால் கட்டாயமில்லை. மாங்க்ஸ் என்று வாலே இல்லாத ஒரு பூனை இனம் உண்டு, அதுவும் காலில்தான் விழுகிறது. முக்கியமானவை வேறு இரண்டு. ஒன்று, எதிலும் இறுகப் பிணைக்கப்படாத சின்னஞ்சிறு காறையெலும்பும் (தோளின் முன்பக்க எலும்பு) நன்றாக முறுகும் முதுகெலும்பும். இதே தோள்தான் தலை நுழைந்த இடத்தில் உடம்பையும் நுழைத்து, பூனையை அண்டாவுக்குள்ளும் அட்டைப்பெட்டிக்குள்ளும் ஊற்றிவைத்த மாதிரி உட்கார வைக்கிறது. அதைப் பார்த்துத்தான் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபர்தான், பூனை திடமா திரவமா என்று, பொருட்கள் எப்படி வழிந்தோடும் என்பதைப் படிக்கும் ஓட்டவியல் முறைப்படி ஆராய்ந்து 2017இல் இக் நோபல் வாங்கினார். இன்னொன்று, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு. எது மேல் எது கீழ் என்று சொல்வது அதுதான், கண்ணைக் கட்டினாலும் பூனை சரியாகத் திரும்பும். குட்டிகளுக்கு இந்த வித்தை பிறந்து மூன்று, நாலு வாரத்தில் தலைகாட்டி, ஏழு வாரம்போல் கைகூடிவிடுகிறது. 1950களில் அமெரிக்க விமானப்படை எடையின்மை உண்டாக்கும் விமானப் பறத்தல்களில் பூனைகளை ஏற்றிப் பார்த்தது. கீழ் என்ற ஒன்றே இல்லாத இடத்தில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அவை காற்றில் துழாவின.

இனி உங்கள் போட்டிக்கு வருவோம். பூனை 4 கிலோ, பிரெட் 30 கிராம். முதுகில் கட்டிய பிரெட் பூனையின் சுழற்சிக் கணக்கை அசைக்கக்கூட முடியாது. பிரெட்டின் விதி மேசை விளிம்பில் பிறப்பது, இங்கே மேசையே இல்லை. அதைவிட முக்கியம், பூனை திரும்ப முயல்கிறது, பிரெட் எதற்கும் முயல்வதில்லை. ஆகவே பூனை காலில் விழும், வெண்ணெய் மேலே இருக்கும். ஒருவேளை சுற்றிக்கொண்டே இருந்தாலும் கரண்ட் சும்மா வராது. பூனை தசையை அசைக்கிற ஒவ்வொரு அசைவுக்கும் அது சாப்பிட்ட மீன்தான் எரிபொருள். ஆனால் இந்தச் சோதனை விழும் கட்டத்துக்கே போகாது என்பது என் அனுபவம். முதுகில் எதையாவது கட்டினால் பூனை முதலில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். இரண்டாவது வேலையாக வெண்ணெயை நக்கத் தொடங்கும்.

கேள்வி ஜோக்காக வந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காலில் விழுவது வேறு, அடிபடாமல் விழுவது வேறு. 1987இல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள், மாடிகளிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்றும் அதில் இருந்தது. மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகத்தை எட்டியபின் பூனையின் வேகம் கூடுவதில்லை, அப்போது உடம்பைத் தளர்த்திக் கால்களை விரித்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். உயரம் கூடினால் நல்லது என்று பலரும் இதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள். ஆனால் விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவார்கள்? அவை அந்த 132இல் இல்லை. 2004இல் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் 119 பூனைகளைப் பார்த்தபோது, ஏழாவது மாடிக்கு மேல் காயங்கள் கடுமையாகவே இருந்தன, நெஞ்சில் அடியும் அதிகம்.

அதனால் அடுக்குமாடியில் பூனை வளர்த்தால், புறா வராமல் இருக்கக் கட்டுகிற அதே நைலான் வலையை பால்கனிக்கும் ஜன்னலுக்கும் கட்டுங்கள். கட்டியபின் கீழ் ஓரத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள், பூனை முதலில் தலையை விடுவது அங்கேதான். அதையும் மீறி விழுந்துவிட்டால், எழுந்து நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். விழும்போது தாடை தரையில் மோதி மேலண்ணம் பிளந்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, மூக்கில் ரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உடம்பை வளைக்காமல் படுக்கவைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.